ஸ்பேமில் விழுந்த கருவாடு

இன்று மணமேல்குடியில் செல்வி அக்கா கடைக்குப் போயிருந்தேன். கருவாடு ஏற்றுமதி செய்யப் பார்க்கிறார்.

"வெளிநாட்டுக் கடைக்காரங்களுக்கெல்லாம் மெயில் போட்டுட்டேன் தம்பி. ஒருத்தரும் பதில் போடல. இந்தத் தடவையும் ஆர்டர் வரலைன்னா கடையை மூட வேண்டியதுதான்."

மெயிலைத் திறந்தேன். உச்சியில் பிள்ளையார். அடியில் குடும்பமே கைகூப்பி நிற்கும் போட்டோ. எழுத்தெல்லாம் சிவப்பு. கிடைத்த முகவரிக்கெல்லாம் ஒரே மெயில்.

"அக்கா, இது மெயில் இல்ல, ஃப்ளெக்ஸ் பேனர். இப்படி எல்லாருக்கும் அனுப்புனா, குப்பை மெயில் போற ஸ்பேமுக்குத்தான் போகும்."

"ஒருத்தருக்குக் குடுத்து ஒருத்தரை விட்டா கோவிச்சுக்க மாட்டாகளா?"

"அவங்க என்ன ஒங்க பங்காளிகளா?"

படங்களைத் தூக்கினேன். அனுப்புவது அக்காதான் என்று உறுதிசெய்யும் டொமைன் செட்டிங்கைச் சரிசெய்தேன். கருவாடு விற்கும் கடைகளை மட்டும் பொறுக்கி, தனித்தனியாகப் பெயர் சொல்லி, நாலு வரி எழுதி அனுப்பினோம்.

சாயங்காலமே சிங்கப்பூரிலிருந்து ஒருவர் சாம்பிள் கேட்டு எழுதிவிட்டார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"சாம்பிள் நாளைக்கே போயிரும்னு எழுது. அப்படியே, அடுத்த மாசம் பேத்திக்குக் காதுகுத்து, குடும்பத்தோட வந்துரணும்னும் எழுது."

எழுதிவிட்டேன்.

மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்குத் தெரியும். ஆளையே கொண்டுவந்து சேர்க்க என்ன செட்டிங் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.