மாமனார் வீட்டு பிரிண்டர்

அந்த வீட்டில் அவருக்குப் பெயர் கிடையாது, மாப்பிள்ளைதான். சம்பந்தம் பேசும்போதே தரகர் "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கார்" என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டருக்குள் எங்கே இருக்கார், என்ன செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் யார் எத்தனை நாள் லீவு எடுத்தார்கள் என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். அவருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், அவரே வேறொரு மாடிக்குப் போன் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மாமனார் வீட்டில் கதை வேறு. டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும், மாமியாரின் போனில் எழுத்து பொடியாகிவிட்டாலும், வாஷிங் மெஷின் தண்ணீர் கக்கினாலும் அழைப்பு அவருக்குத்தான் வரும். அவர் போய் முறைத்துப் பார்ப்பார். பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடும். புகழ் வளர்ந்தது. "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று கல்யாணமான மறுநாளே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லாமல் விட்டதில், அந்த ஒரு வாக்கியம் வாய்க்குள்ளேயே பருத்து, வெளியே வரமுடியாத சைசுக்குப் போய்விட்டது.

புகழ் தலைக்கேறிய ஒரு நாளில் மாமனாருக்குப் புது லேப்டாப் வாங்கித் தந்தார். பழைய கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே எடைக்குப் போட்டுவிட்டும் வந்தார். மாமனாரோ குடியிருப்போர் சங்கச் செயலாளர். "படிக்கட்டில் செருப்பு விடாதீர்" தொடங்கி எதையாவது அச்சடித்து ஒட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதற்கென்றே ஒரு பிரிண்டர் வைத்திருந்தார். பழுப்பேறி, ரெண்டு பேர் தூக்க வேண்டிய கனத்தில் இருந்தது. அதன் பச்சை விளக்கு கண்ணை மூடிப் பல வருஷம் ஆகிறது. புது லேப்டாப் அந்தப் பிரிண்டரை, சொத்துத் தகராறில் முகம் முறித்துக்கொண்ட பங்காளியைப் போல, யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது.

பொதுக்குழு அழைப்பை அன்று சாயங்காலத்துக்குள் ஒட்டியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாப்பிள்ளை வரவழைக்கப்பட்டார். மூத்த மருமகனும் வந்திருந்தார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட், அடுத்தவருக்கு நேரும் விபத்தை அக்கறையாகப் பார்ப்பது அவருக்குத் தொழில் தர்மம்.

"நிதானமா பாருங்க தம்பி, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் மாமனார்.

பிரிண்டர் கம்பெனியின் இணையதளம், இந்த மாடலுக்கும் எங்களுக்கும் இனி சம்பந்தமில்லை என்று மரியாதையாகக் கைகழுவியிருந்தது. மாப்பிள்ளை போனைக் காதில் வைத்து, "ஆபீஸ் கால்" என்று முனகியபடி பால்கனிக்கு நழுவினார். மறுமுனையில், அந்த வேறொரு மாடியின் நண்பன்.

"அதே கம்பெனியோட வேற மாடல் டிரைவரைப் போட்டுப் பாருடா. ஒவ்வொண்ணா போடு. ஏதாவது ஒண்ணு ஒத்துக்கும்."

பிரிண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே பேச்சு நடத்தி வைக்கிற மென்பொருள்தான் டிரைவர். மாப்பிள்ளை திரும்பி வந்து பட்டியலில் இருந்த மாடல்களை வரிசையாக நிறுவினார். ஒவ்வொன்றிலும் அழைப்பை அச்சுக்கு அனுப்பினார். பிரிண்டர் அசையவில்லை. மறுபடி பால்கனி, மறுபடி பட்டியல்.

"ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டேங்கறாங்க பாருங்க. இவர் இல்லேன்னா அங்க ஒண்ணும் ஓடாது" என்று மாமனார் மூத்தவரிடம் பெருமைப்பட்டார்.

"இங்கயும் ஒண்ணும் ஓடலையே மாமா" என்றார் மூத்தவர். "தெருமுனை ஜெராக்ஸ் கடையில குடுத்தா அஞ்சு நிமிஷ வேலை. அந்தக் கடையில இருக்கற பொண்ணு கம்ப்யூட்டர் கம்பெனியிலயா இருக்கு?"

மாமனாரின் முகம் சுருங்கியது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். பட்டியலும் தீர்ந்துவிட்டது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இத்தனை வருஷமாக உள்ளே கிடந்தது ஒருவழியாக வெளியே வந்து விழுந்தது.

"மாமா, எனக்கு இது தெரியாது. இதுன்னு இல்ல, எதுவுமே தெரியாது. ஆபீஸ்ல நான் லீவு கணக்குப் பாக்கறவன்."

மூத்தவர் ரசித்து ரசித்துக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். காபித் தட்டோடு உள்ளே வந்த மாமியார் சுவரைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏங்க, சுவிட்சைப் போடாமலா இவ்வளவு நேரம் வேலை நடக்குது? மாப்பிள்ளை மொதல்ல பால்கனிக்குப் போனப்போ நீங்க ரெண்டு பேரும் காபி கேட்டு எந்திரிச்சு வந்துட்டீங்க. ஆளில்லாத ரூம்ல கரண்ட் எதுக்குன்னு அணைச்சேன்."

தட்டை ஒரு கையில் ஏந்தியபடியே சுவிட்சைப் போட்டார்.

பிரிண்டர் முனகியது, இருமியது. காத்துக் கிடந்த அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழத் தொடங்கின. முதலில் கட்டமும் கிறுக்கலும் கேள்விக்குறியுமாகச் சில தாள்கள். பிறகு ஒரு தாள், தெளிவாக, பளிச்சென்று: "பொதுக்குழு அழைப்பு."

மாமனார் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! தெரியாது தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே முடிச்சுட்டாரு. இதுதான்யா அடக்கம்!"

"இல்ல மாமா, நிஜமாவே எனக்கு..."

"எங்ககிட்டயேவா மாப்பிள்ளை!" என்று மாமியாரும் சிரித்தார். "பேச்சு கொடுத்துக்கிட்டே பண்ணிட்டீங்க."

"சுவிட்சு போட்டது நீங்கதானே அத்தை?"

"சுவிட்சை யார் வேணா போடலாம். உள்ள விஷயம் இருக்கணுமில்ல?"

மூத்தவர் காலை இறக்கினார். நாற்காலியைச் சற்று அருகில் நகர்த்தி, குரலைத் தாழ்த்தினார். "தம்பி, எங்க வீட்ல ஒரு பழைய ஸ்கேனர் சும்மா கிடக்குது..."

மாமனார் அதற்குள் லேப்டாப்பை மடியில் இழுத்துக்கொண்டு, அழைப்பின் கடைசியில் ஒற்றை விரலால் ஏதோ தட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். புதுத் தாள் சூடாக வெளியே வந்தது. மாப்பிள்ளை எடுத்துப் படித்தார். "கம்ப்யூட்டர், பிரிண்டர் முதலியவற்றில் பழுது உள்ளவர்கள், ஞாயிறுதோறும் செயலாளர் வீட்டில் மாப்பிள்ளையை அணுகலாம்."

ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அச்சாகியிருந்தது.