இறங்கும்போது ஹெல்மெட்

காரை நிறுத்தச் சொல்லி, கை பிரேக்கை இழுக்க வைத்து, கதவைத் திறப்பதற்கு முன்னால் பின் சீட்டில் கிடக்கும் ஹெல்மெட்டை எட்டி எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்கிறார் டீச்சர். உலகத்தில் எல்லாரும் வண்டியில் ஏறும்போது ஹெல்மெட் போடுவார்கள். இவர் இறங்கும்போது போடுவார், அதுவும் காரிலிருந்து. புதிதாகச் சேர்ந்த பெண் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்தபடி அவரையே பார்க்கிறாள்.

"பயப்படாதம்மா, இது உன் டிரைவிங்குக்காக இல்ல," என்று பட்டையை இறுக்குகிறார் டீச்சர். "சுவத்து மேல உக்காந்திருக்கு பாரு, அதுக்காக."

சுவர் மேல் ஒரு காக்கை. பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கிறது. டீச்சரின் கால் தரையில் பட்டதும் கிளம்பி, தலைக்கு நேராக வந்து, ஹெல்மெட்டில் டொக்கென்று ஒன்று வைத்துவிட்டு, பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. "வந்தாச்சு, வணக்கம்," என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு டீச்சர் டயர்களை அடுக்கப் போகிறார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பள்ளி என்று பலகை மாட்டியிருந்தாலும் மொத்தம் ஒரு கார், ஒரு டீச்சர். பூட்டிக் கிடக்கும் கிடங்கு ஒன்றின் பின்பக்கத்து வெறுந்தரையை வாடகைக்குப் பிடித்து, பழைய டயர்களை வரிசையாக வைத்து, சுண்ணாம்பால் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறார். கோட்டுக்கு வந்ததும் வண்டி நிற்க வேண்டும். அந்தக் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் டீச்சரின் வலது கால் அதில் இறங்கும். ஊரில் பாதிப் பேரை அந்தக் கால்தான் உயிரோடு வைத்திருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்வார். அடக்கமெல்லாம் அவருக்கு அவ்வளவாகக் கிடையாது.

அவரிடம் பாடம் என்றால் பறவைதான். எதிரே லாரியைக் கண்டதும் வண்டியைச் சாக்கடைப் பக்கம் ஒடிக்கிற ஆளிடம், "காக்காய பாருங்க சார். நடு ரோட்ல எதையோ கொத்திட்டிருக்கும். லாரி வரும். பதறுதா? ரெண்டு தத்து தள்ளி நிக்கும். லாரி போனதும் வந்து மிச்சத்தைக் கொத்தும். அந்த ரெண்டு தத்து போதும். ஊரை விட்டே ஓட வேணாம்," என்பார். ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கிறவருக்குப் பருந்து: "அது எத்தனை தடவ சிறகடிக்குது, எண்ணுங்க. ஒரு தடவ வாங்கின வேகத்துல எவ்வளவு தூரம் போகுது பாருங்க." கண்ணாடியைப் பார்க்காதவருக்குப் புறாவின் கழுத்து. பாதித் திருப்பத்தில் மனசு மாறுகிறவருக்குக் கோழி. வண்டியைப் பின்னால் எடுக்கும் பாடத்துக்கு மட்டும் பறவை கிடையாது. "எந்தப் பறவையும் பின்னாடி பறக்காது. அதனால மெதுவா எடுங்க." அப்படி ஒரு குருவி இருக்கிறது என்று ஒரு நூலகர் ஆதாரத்தோடு சொன்னார். "அது இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க, சம்பளம் போட்டு வச்சுக்கறேன்," என்று டீச்சர் அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதியவர்களுக்குக் கண் எப்போதும் கியர் மேலேயே இருக்கும். 'ரோட்டைப் பார்' என்று கத்தினால் வண்டி தடுமாறும். 'அந்தக் காக்காவைப் பார்' என்றால் தலை தானாக நிமிரும், கண் ரோட்டுக்குப் போய்விடும். பறவை மேல் இவ்வளவு பிரியம் வைத்தவருக்குக் காக்கையோடு தீராப் பகை வந்தது அக்காவால்.

அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா. அறுபதை நெருங்குகிறவர். டீச்சரைத் தூக்கி வளர்த்தவர். சின்ன வயதில் தங்கையைப் பின்னால் உட்கார வைத்து சைக்கிள் ஓட்டப் பழகி, இறக்கத்தில் நிறுத்தத் தெரியாமல் விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டவர். தங்கைக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் அக்காவின் சட்டையெல்லாம் ரத்தமானதைப் பார்த்தது தங்கையின் மனசில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. பேசும்போது டீச்சரின் கண் அங்கே ஒரு தடவை போய்விட்டு வரும்.

மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, பார்வை மங்கத் தொடங்கியது. இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கிற பார்வை போகாமலிருக்க மாதா மாதம் கண்ணில் ஊசி போட வேண்டும். ஆஸ்பத்திரி ஊருக்கு மறுகோடியில். அவர்கள் வீட்டுப் பக்கம் பஸ்ஸே வராது. சிறிய கார் ஒன்று கொட்டகையில் தூசி படிந்து நின்றது. "நான் ஓட்டறேன்," என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள், டீச்சர் உட்பட. அக்கா சிரிக்கவில்லை.

ஆனால் லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டார், இரண்டு முறையும் ஒரே இடத்தில். கோட்டில் நிற்க வேண்டிய வண்டி நிற்காமல் தாண்டிப் போய்விட்டது. பயிற்சியின்போது பூ வைத்த மாதிரி வந்து நிற்கிற அக்காவுக்குத் தேர்வில் மட்டும் என்ன வந்தது என்று டீச்சர் தலையைப் பிய்த்துக்கொண்டார். மாமா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "இந்தத் தடவையும் ஆகலன்னா வீட்டை வித்துட்டுப் பையன்கிட்ட போயிடலாம். அங்க ஆஸ்பத்திரி பக்கம்." மகன் நல்லவன்தான். ஆனால் வீடு இரண்டே அறை, இவர்களுக்குப் படுக்கை என்றால் ஹாலில் சோபா. அதைவிட முக்கியம், அது ஒரு நாள் முழுக்க ரயிலில் போகிற தூரம். அக்கா போய்விட்டால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பது டீச்சரின் கவலை.

மூன்றாவது தேர்வுக்கு முந்தைய வாரம் பயிற்சித் தரையில் ஒரு காக்கைக் குஞ்சு வந்து இறங்கியது. சரியாகப் பறக்க வராத குஞ்சு. டயர்களுக்கு நடுவே தத்திக்கொண்டு, வாயைப் பிளந்து கத்திக்கொண்டு, கார் வரும் வழியிலேயே நிற்கும். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. தினமும் துண்டைப் போட்டுப் பிடித்து சுவர் மேல் ஏற்றிவிடுவார். மறுநாள் அது மறுபடியும் கீழே இருக்கும். தாய்க் காக்கை தொண்டை கிழியக் கத்தும். நன்றி சொல்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார் டீச்சர்.

ஒரு நாள் அக்காவின் பாடத்துக்கு நடுவிலும் அதற்காகக் காரிலிருந்து இறங்கினார். "நீ ஒரு சுத்து சுத்திட்டு வந்து கோட்டுல நிறுத்துக்கா. நான் இதை ஏத்திட்டு வந்துடறேன்."

அக்கா அழகாகச் சுற்றினார். அழகாகக் கோட்டுக்கு வந்தார். கோட்டைத் தாண்டினார். டயர் வரிசையை முட்டித் தள்ளிக்கொண்டு போய் சுவரோரம் மண்ணில் வண்டி குலுங்கி நின்றது. குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் நிற்க, அந்த நேரம் பார்த்து உச்சந்தலையில் இறங்கியது தாய்க் காக்கை.

அக்கா கண்ணாடியை இறக்கினார். "நிக்கலடி. எப்பவும் கோட்டுகிட்ட வந்தா அதுவா நிக்குமே?"

"அதுவா நிக்குமா?"

"ஆமா. நான் பிரேக்கைத் தொடறதுக்குள்ள நின்னுடும். நல்ல வண்டின்னு நெனச்சுக்கிட்டேன்."

டீச்சர் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். இத்தனை மாதமாக அக்காவின் வண்டியை நிறுத்தி வந்தது இதுதான். மற்றவர்களிடம் கடைசி நொடி வரை பொறுக்கிற கால், அக்காவிடம் மட்டும் கோட்டுக்கு வெகு முன்னாலேயே இறங்கியிருக்கிறது, தனக்கே தெரியாமல். தேர்வில் அந்த சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். அவர் ஏன் மிதிக்கப் போகிறார்?

கையிலிருந்த குஞ்சைக் கீழேயே விட்டுவிட்டு ஓடி வந்து காரில் ஏறிக்கொண்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்க் காக்கை அலகில் தீனியோடு சுவர் மேலேயே உட்கார்ந்திருந்தது. குஞ்சு அலறியது. தாய் இறங்கவில்லை. "கல்நெஞ்சு," என்றார் அக்கா. குஞ்சு சிறகை அடித்தது, விழுந்தது, டயர் மேல் ஏறியது, அங்கிருந்து எப்படியோ உதறிக்கொண்டு சுவர் விளிம்பைப் பற்றியது. அதன் பிறகுதான் தீனி வாய்க்குள் போனது. டீச்சர் தலையைத் தடவிக்கொண்டார். ஊருக்கெல்லாம் பறவையைக் காட்டியவருக்கு ஒரு பறவை வந்து தலையில் தட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

தெரிந்துகொண்டால் போதுமா, கால் கேட்க வேண்டுமே. மறுநாள் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தார். கோடு வந்தது, கால் இறங்கியது. செருப்பைக் கழற்றிப் பார்த்தார். காலைக் கால் மேல் போட்டுப் பார்த்தார். மோவாய்த் தழும்பு கண்ணில் படும், கால் போய்விடும். கடைசியில் அக்காதான் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இறங்குடி. உன் காலையும் எடுத்துட்டுப் போ."

தன் கணவரின் பழைய ஹெல்மெட்டை டீச்சர் அன்றைக்குத்தான் கொண்டுவந்தார். அதைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். காக்கை வந்து வந்து தட்டியது. அக்கா தனியாகச் சுற்றினார். முதலில் கோட்டைத் தாண்டினார், பிறகு கோட்டுக்கு ரொம்ப முன்னாலேயே நின்று தலையை ஸ்டீயரிங்கில் இடித்துக்கொண்டார். டீச்சர் நின்ற இடத்தில், வலது காலுக்குக் கீழே, மண்ணில் குழி விழுந்துவிட்டது. ஆனால் கிட்டே போகவில்லை. வாரக் கடைசியில் அக்காவின் கார் கோட்டில் நின்றது, மறு சுற்றிலும் நின்றது.

தேர்வு நாளில் டீச்சர் உள்ளே போகவில்லை. லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பின்னால் கார் கிளம்பிய சத்தம் கேட்டது, சுற்றிய சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காத நேரத்தில் அவருக்கு உயிரே இல்லை. முதுகில் ஒரு கை விழுந்தது.

"காலால நிறுத்தினேன்டி," என்றார் அக்கா. "என் காலால."

அப்பாடா என்று டீச்சர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாமா கண் சரியாகத் தெரியாமல் மனைவியை விட்டுவிட்டு யாரோ ஒரு பெண்மணிக்கு வாழ்த்துச் சொன்னார். அந்த அம்மாள் நன்றி என்று வாங்கிக்கொண்டார்.

காக்கை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. குஞ்சு வளர்ந்து எங்கேயோ பறந்து போன பிறகும் அதே சுவர், அதே டொக்கு. தொப்பி மாற்றினாலும் துப்பட்டா மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறது. "போகட்டும், தப்பு என் பேர்ல," என்கிறார் டீச்சர். "அதுக்கு ஞாபகம் இருக்கறது எனக்கும் நல்லதுதான்."

போன வாரம் மாமாவுக்கு ஊசி. அக்கா தன் சொந்தக் காரை எடுத்தார். மாமா கறுப்புக் கண்ணாடியோடு பின் சீட்டில், மடியில் டீச்சரின் ஹெல்மெட். டீச்சர் பக்கத்து சீட்டில். இந்தக் காரில் அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காக்கை எதையோ கொத்திக்கொண்டிருந்தது. டீச்சரின் வலது கால் காலடி விரிப்பில் போய் அழுந்தியது.

"அங்க ஒண்ணும் இல்லடி," என்றார் அக்கா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கார் வேகம் குறைந்தது. காக்கை இரண்டு தத்து தள்ளி நின்றது. வெள்ளைக் கோட்டுக்குச் சற்று முன்னால் வண்டி அலுங்காமல் நின்றது. டீச்சர் குனிந்து செருப்புகளைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.