இழுப்பு என்றால் எது

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என் அக்காவைக் கூட்டிப் போகக் கூடாது என்று பல முறை முடிவெடுத்திருக்கிறேன். இந்த முறையும் சிலிம் ரிவரிலிருந்து வந்தவள், "தொணைக்கு வாரேன் லா" என்று காரில் ஏறிக்கொண்டாள்.

ஈப்போவில் பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைப்பவள் நான். லைசன்ஸைப் புதுப்பிக்க உடல் பரிசோதனை. அது தவறினால் வேன் வாசலிலேயே நிற்கும், பிழைப்பும் நின்றுவிடும்.

சிறுநீர் கொடுக்கக் கழிப்பறைக்குப் போனேன். எனக்கு இழுப்பு இருப்பதைச் சொல்லிவிட அந்த இடைவெளி போதும் அக்காவுக்கு. திரும்பி வந்தால், டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இழுப்பு வந்தா நெனவு தப்புமாம்மா?"

"தப்பாம? சின்னப் புள்ளையில ஒருதரம் கண்ணு மேல சொருகிருச்சு டாக்டர். எஸ்டேட்டே கூடிருச்சு."

டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மலாயில் சாவான் என்பார்களே, அந்த வலிப்பு உள்ளவர்கள் பிள்ளைகளை ஏற்றி வேன் ஓட்ட முடியாது என்றார். அக்காவின் வாயைத் தைத்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் மூச்சிரைப்புக்கு இழுப்பு என்றுதான் பெயர். டாக்டரும் தமிழர்தான், ஆனால் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் வீட்டில் அதை முட்டு என்பார்களாம். இழுப்பு என்றதும் கைகால் வெட்டி இழுப்பதாக எடுத்துக்கொண்டார். நான் கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இந்த இழுப்பு டாக்டர். லெலா. ஆஸ்துமா."

மறுபடி முதலிலிருந்து கேள்விகள். ராத்திரி மூச்சுத் திணறி எழுகிறேனா? அவசரத்துக்கு இழுக்கும் நீல இன்ஹேலர் அடிக்கடி தேவைப்படுகிறதா? சமீபத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தேனா? எதுவும் இல்லை. தடுப்பு மருந்தைத்தான் காலையும் மாலையும் விடாமல் இழுக்கிறேனே. அக்கா வாயைத் திறந்தாள், முறைத்தேன், மூடிக்கொண்டாள்.

"ஆஸ்துமான்னா எல்லாரும் ஒரே வகை இல்ல. உங்களுக்கு நல்லா கட்டுப்பாட்டுல இருக்கு, ஆபத்து குறைவு. ஆனா நல்லாத்தானே இருக்கோம்னு மருந்த நிறுத்தினீங்கன்னா, வகை மாறிடும்" என்றார் டாக்டர். வேன் ஓட்டலாம் என்று கையெழுத்தும் போட்டார்.

அதோடு விட்டதா? கிளினிக்கில் நடந்ததை அக்கா சிரிப்புக்காகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அது எங்கள் தாமானின் வீடுகள் முழுக்கச் சுற்றி வருவதற்குள் டாக்டர் சொன்னதெல்லாம் எங்கேயோ உதிர்ந்துபோய், இழுப்பு மட்டும் மிஞ்சியது.

மறுநாள் காலை வழக்கமாக ஏறும் பிள்ளையின் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். பிள்ளை வரவில்லை. அதன் அம்மாதான் வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. இனிமே எங்க வீட்டுக்காரரே கொண்டுபோய் விட்டுருவாரு."

"டாக்டரே ஓட்டலாம்னுட்டாரும்மா. ஆபத்து குறைவுதானாம்."

"குறைவுன்னா, கொஞ்சம் இருக்குல்லக்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கணவர் போனைக் காதில் வைத்தபடி, ஒற்றைக் கையால் காரைப் பின்னுக்கு எடுத்து என் வேனை உரசாத குறையாகத் திருப்பினார். பிள்ளை பெல்ட் போடாமல் முன்சீட்டில் நின்றுகொண்டு எனக்குக் கை காட்டியது.