கண்ணாடித் தொட்டிக்கு அடியில் என்ன போடுவது?

கடல் தொட்டி பராமரிக்கிற தொழிலில் கடலைச் சமாளித்துவிடலாம், கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களைத்தான் சமாளிக்க முடியாது. திருகோணமலையில் எல்லாரும் கடலைப் பார்த்தபடிதான் பல் தீட்டுகிறார்கள். ஆகவே தொட்டிக்குள் கடல் எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. இதே பிழைப்பில் இருக்கிற சக பாவிகளே, நீங்கள் இதை வாசித்துத் தலையாட்டினால் அதுவே எனக்குப் பாதி ஆறுதல்.

வெறும் கண்ணாடி

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல், பெயர் வேண்டாம். அதன் முன்மண்டபத்தில் பெரிய தொட்டி ஒன்று அமைத்துக் கொடுத்தேன். நடுக்கல்லில் வைத்தது என் சொந்தப் பவளம். கொழும்பில் பவளம் வளர்த்து விற்கிறவரிடம் சுண்டுவிரல் அளவில் வாங்கி, வீட்டுக் குசினியில் தொட்டி வைத்து, கரண்ட் போன நேரமெல்லாம் கையால் தண்ணீர் கலக்கி வளர்த்தது. இரண்டு கையாலும் ஏந்துகிற அளவுக்கு வந்திருந்தது. பச்சைக் கிளைகள், நுனியில் ஊதா. ஊரில் என் பெயர் சொல்ல ஒன்று இருக்கட்டும் என்றுதான் தொட்டியோடு சேர்த்து அதையும் விற்று அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

அடியில் மண் போடவில்லை. பவளத்துக்கு வேகமான நீரோட்டம் வேண்டும். மண் கிடந்தால் அந்த வேகத்தில் கிளம்பி அதன் மேலேயே படிந்து மூச்சை அடைத்துவிடும். வெறும் கண்ணாடி என்றால் மீன் கழிவு ஒரு மூலையில் ஒதுங்கும், குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கலாம். இவ்வளவையும் ஹோட்டல் முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "எல்லாம் சரி பிள்ளை, மீனும் விட்டாச்சு. வேலை எப்ப முடியும்?"

வெள்ளைப் பலகை

கண்ணாடி மொட்டையாகத் தெரிகிறது என்பதுதான் அவருடைய குறை. சரி என்று வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்றை அளவுக்கு அறுத்து அடியில் போட்டேன். ஹோட்டல் குசினிகளில் இறைச்சி வெட்டுவதற்கு வைத்திருப்பார்களே, அதே சாமான்தான். உப்புத் தண்ணீரில் கெடாது, கல் சரிந்தாலும் கண்ணாடி உடையாது. நாள் போகப் போக அதன் மேல் இளஞ்சிவப்பாகப் பாசி படர்ந்து பலகையே மறைந்துவிடும். அதுவரைக்கும் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலாளியின் மனைவி பொறுக்கவில்லை. குனிந்து பார்த்தார், மூக்கைச் சுளித்தார். "மீனை உயிரோடயே பலகையில வைச்சிட்டீங்கள். கத்தி எங்க?"

புல்மோட்டை மண்

பலகையை எடுத்த அடுத்த கிழமை முதலாளி புல்மோட்டைப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனார். வரும்போது உர பேக் நிறையக் கறுப்பு மண். அந்த மண்ணில் காந்தம் இழுக்கிற துகள் உண்டு என்பது அந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் தெரியும். என்னைக் கேட்காமல் கொட்டிவிட்டார்கள். தொட்டியின் கண்ணாடியை உட்புறம் துடைக்க நாங்கள் பாவிப்பது காந்தத் துடைப்பான். அது மண்ணைத் தொட்டதும் வாயெல்லாம் கறுப்பு மீசை முளைத்தது. அப்படியே வெயிட்டர் ஒருவர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் தேய்த்திருக்கிறார். கண்ணாடி முழுக்கக் கீறல்.

நான் போய் அதைக் காட்டினேன். முதலாளி கீறலை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த முறை நல்ல கண்ணாடியாப் பார்த்து வாங்குங்கோ பிள்ளை."

கலியாண மண்டபம்

எனக்குக் கடல் தண்ணீர் கொண்டுவந்து தருகிற மூதூர் ஜவாத் அன்று கூட வந்திருந்தார். மண் எழும்பிப் பவளத்தின் கிளைகளில் படிகிறதைப் பார்த்ததும், "அக்கா, கதைச்சுக்கொண்டு நிக்காதீங்கோ, அதைத் தூக்கிக்கொண்டு போவம்" என்றார். நானும் முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டேன். மண்ணை அள்ளும்வரை என் வீட்டில் வைத்திருக்கிறேன், பிறகு கொண்டுவந்து வைக்கிறேன் என்றேன். சனிக்கிழமை மண்டபத்தில் கலியாணம், வருகிற சனம் அதற்கு முன்னால் நின்றுதான் படம் எடுக்கும், ஏலாது என்றுவிட்டார். மண்ணை அள்ளுவதும் கலியாணத்துக்குப் பிறகுதானாம். விலைக்கு வாங்கியவர் அவர், வளர்த்தவள் மட்டும்தானே நான். ஒவ்வொரு நாளும் போய்ப் படிந்த மண்ணைக் குழாயால் ஊதி விட்டேன்.

சனிக்கிழமை என்னை உள்ளே விடவில்லை. மண் ஒரு பக்கம் குவிந்து படத்துக்கு வடிவில்லை என்று நீரோட்ட மோட்டரை நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு அதைப் போடுவதற்கு ஒருவருக்கும் நினைவில்லை. ஞாயிறு பூசை முடிந்து நேராகப் போனேன். பச்சையும் இல்லை, ஊதாவும் இல்லை, கிளையெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. அங்கேயே நின்று அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். அவரும் நல்ல மனதோடுதான் ஆறுதல் சொன்னார்: "அழாதீங்கோ பிள்ளை. கறுப்பு மண்ணுக்கு வெள்ளை நல்ல எடுப்பா இருக்குது."

இப்போதெல்லாம் தொட்டிக்கு அடியில் என்ன போடலாம் என்று யாராவது கேட்டால், உயிருள்ள எதையும் மேலே வைக்காதவரை விரும்பியதைப் போடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.