இறக்கத்தில் இரண்டாவது கியர்

மலைமேல் இருக்கும் பதினேழு வீடுகளுக்கும் அவள் ஊசியக்கா. விடிந்ததும் கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருக்கும் வயசாளிகளிடம் ரத்தம் எடுத்து, குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, பத்து மணிக்குள் கீழே பரிசோதனைக் கூடத்தில் சேர்க்க வேண்டும். ஐம்பத்தொன்று நடக்கிறது. எப்பேர்ப்பட்ட ஒளிந்த நரம்பையும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். தன் காருக்குள் என்ன ஓடுகிறது என்பது மட்டும் மூன்று வருஷமாக அவளுக்குப் பிடிபடவில்லை.

இரண்டு கை மாறி வந்த பழைய ஆட்டோமேட்டிக் கார் அது. அவள் கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர், இருபத்தாறு வருஷ சர்வீஸ். அந்தக் காரை அவர் ஒரு வண்டியாகவே மதித்ததில்லை. "'டி'யில போட்டா போகும், 'பி'யில போட்டா நிக்கும். வேற ஒண்ணையும் தொடாத" என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த மொத்தப் பாடம். வாங்கிய புதிதில் அவள் சேலை முந்தானை கியர் தடியின் பக்கவாட்டுப் பட்டனில் பட்டு, எதிரே 'ஓ.டி. ஆஃப்' என்று ஆரஞ்சு விளக்கு எரிந்துவிட்டது. அலறியடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். "ஆஃப்னு வருதுன்னா எதுவோ அணைஞ்சு போச்சுன்னு அர்த்தம்" என்றார் அவர். மறுபடி அழுத்தி விளக்கை அணைத்தார். அவள் பையிலிருந்தே மருத்துவப் பிளாஸ்திரியை எடுத்து அந்தப் பட்டன்மேல் ஒட்டிவிட்டுப் போனார். ஒட்டினது ஒட்டினதுதான்.

போன திங்கட்கிழமை மலையிறங்கும்போது தீய்ந்த வாடை வந்தது. கடைசி வளைவில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கியது. கை பிரேக்கை இழுத்து எப்படியோ ஓரத்தில் நிறுத்தினாள். மெக்கானிக் பிரேக் பேடுகளை மாற்றினான், பிரேக் எண்ணெயையும் புதிதாக ஊற்றினான். இந்த வருஷம் இது மூன்றாவது தடவை.

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தீர்ப்பு வந்துவிட்டது. "வித்துடலாம். டெப்போல ஒருத்தர் கேட்டிருக்கார். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னாரு."

"வித்துட்டா நான் எப்படி மலைக்குப் போறது?"

"போகாத. லேப்லயே உட்காரு. ஏசியாவது இருக்கு."

அந்த ஏசி அறையை அவளுக்குத் தெரியும். ஜன்னல் கிடையாது. டோக்கன் நம்பரைக் கூப்பிட வேண்டும், கை நீளும், குத்த வேண்டும், அடுத்த நம்பர். முகத்தைப் பார்க்கக்கூட நேரமிருக்காது. மலையிலென்றால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாய், ஒரு வம்பு, ஒரு நாற்காலி. அவள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள்.

"என்னங்க, உங்க பஸ்ஸ மலையில இறக்கினா பிரேக்க மிதிச்சுக்கிட்டே வருவீங்களா?"

"எவனாவது அப்படி வருவானா? செகண்ட்ல போட்டா இன்ஜினே புடிச்சு நிறுத்தும். பிரேக்க சும்மா தொட்டுக்கணும், அவ்வளவுதான்."

"என் வண்டியிலயும் 'டி'க்குக் கீழ ஒரு ரெண்டு இருக்கே."

"நம்ம இஸ்திரிப் பெட்டியிலகூடத்தான் ரெண்டு இருக்கு. அதுல மலையிறங்குவியா?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். சிரித்துக்கொண்டேதான் போனார். ஆனால் அந்த ரெண்டு எதற்கென்று அவருக்கே தெரியாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் காருக்குள் உட்கார்ந்து டேஷ்போர்டு பெட்டியைக் குடைந்தாள். காரோடு வந்த புத்தகம் கிடைத்தது. வாசிக்கத் தெரியாத ஏதோ மொழி, ஆனால் படங்களுக்கு மொழியில்லை. ஒரு படத்தில் சமதரைச் சாலை, பட்டன் பக்கத்தில் நாலு என்ற எண். அடுத்ததில் சரிவில் இறங்கும் கார், பட்டனை அழுத்தும் விரல், எண் மூன்று. அதற்கும் அடுத்ததில் இன்னும் செங்குத்தான சரிவு, தடி இரண்டில். அவள் நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பி ஒரே இழுப்பில் உரித்தாள். மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"ஓவர்டிரைவ் பட்டன்க்கா அது. நாலாவது கியரு. நீளமா நேரா போற ரோட்டுக்கு. அழுத்தினா நாலு வராது, மூணோட நின்னுக்கும்."

"மூணு தடவ பேட் மாத்தினியே, ஒரு தடவ இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலயேக்கா. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். வேகத்தக் குறைச்சுட்டு ரெண்டுக்கு இழுங்க. அதுக்கும் கீழ 'எல்'னு இருக்கறத மட்டும் ஓட்டத்துல தொடாதீங்க, இன்ஜின் கதறிடும்."

வெள்ளிக்கிழமை இறக்கத்தின் தலைப்பில் நிறுத்தி, ஐஸ் பெட்டிக்கும் சேர்த்து பெல்ட் போட்டாள். பட்டனை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. கிளம்பி, மெதுவாக நகரும்போதே தடியை இரண்டுக்கு இழுத்தாள். இன்ஜின் மிக்ஸியில் கல் விழுந்ததுபோல் சத்தம் போட்டது. ஆனால் காரை யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. சரிவு இருந்தது, வேகம் ஏறவில்லை. வழக்கமாக நாற்பது ஐம்பது தடவை பிரேக்கை மிதிக்கிற இடம். எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது.

சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். பேச்சுக்கே இடம் கொடுக்காமல் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டாள். பதினேழு வீட்டு வாசலிலும் அவர் காரிலேயே உட்கார்ந்து கொட்டாவி விட்டார். இறங்கும்போது முதல் வளைவிலேயே அவருடைய வலது கால் தரை விரிப்பை மிதித்தது.

"பிரேக்கு, பிரேக்கு!"

"உங்க பஸ்ஸில பின்னாடி உக்காந்திருக்கறவங்க இப்படிக் கத்தினா என்ன சொல்வீங்க?"

மூன்றாவது வளைவில் அவர் தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். ஐந்தாவதில் கால் தளர்ந்தது. அடிவாரத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய், முன் சக்கரத்தருகே குனிந்து மூக்கை உறிஞ்சினார். சக்கர வட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினார். பிறகு நான்கு சக்கரத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"வாடையே இல்ல" என்றார், ஏதோ குற்றம் சாட்டுவதுபோல.

"நாளைக்கு வர்றவர என்ன பண்றது?"

அவர் போனை எடுத்தார். "அண்ணே, நான்தான். அந்தக் கார்... இல்லண்ணே, குடுக்கல. வீட்டுல ஓட்டறாங்க." மறுமுனையில் என்னவோ கேட்டார்கள். "நல்லா ஓட்டறாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பத்து மணிக்கு இருபது நிமிஷம் இருந்தது. சமதரைக்கு வந்ததும் அவள் தடியை 'டி'க்குத் தள்ளி, பட்டனை மறுபடி அழுத்தினாள். ஆரஞ்சு விளக்கு அணைந்தது. இன்ஜின் சத்தம் அடங்கி, கார் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"ஏன் அத அமுக்கின?"

"நேர் ரோடு வந்துருச்சில்ல. இங்க நாலாவது வேணும்."

அவர் கியர் தடியையே பார்த்துக்கொண்டு வந்தார். "சரி, ஏத்தத்துல? பாதி வழியில கியர் மாத்தி மாத்தி முக்குதே, அதுக்கும் இந்தப் பட்டன்தானா?"

"தெரியல" என்றாள் அவள். "திங்கக்கிழமை ஏறும்போது அமுக்கிப் பாக்கணும்."