மூன்று மாமன்களும் இரண்டு காதுகளும்

பேத்தியின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போன இடத்தில்தான் முதலில் மாட்டிக்கொண்டேன். அச்சகக்காரர் கணினியில் எல்லாம் ஏற்றிவிட்டார். சாமி படம், கோயில், நாள், நேரம் எல்லாம் சரி. 'தாய்மாமன் மடியில் அமர்த்தி' என்ற வரிக்குக் கீழே மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

"ஏனுங்க, மாமன் பேரு சொல்லுங்க."

"மாமன் இல்லீங்க."

"அடடா. தவறிட்டாருங்களா?"

"பொறக்கவே இல்லீங்க."

அவர் மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டார். "தவறியிருந்தாக்கூட மறைந்த திருவாளர்னு போட்டு ஒப்பேத்திரலாமுங்க. பொறக்காதவருக்கு என்னன்னு போடறது?"

நான் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிகளுக்கு உதிரி சாமான் விற்கிறவன். எந்த வண்டிக்கு எந்தப் போல்ட் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். ஆனால் எங்களுக்கு இருப்பது ஒரே மகள். அவளுக்கு அண்ணனுக்கு எங்கே போவது? என் அண்ணனுக்கும் ஒரே மகள்தான். சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் பார்த்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். காடு துண்டாகக் கூடாது, பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும், ஒன்று போதும் என்று எங்கள் வீதி முழுக்க முடிவு செய்திருந்தது. அப்போது யாருக்கும் காதுகுத்து ஞாபகம் வரவில்லை.

எங்கள் கடைக்கு எதிரே டீக்கடையில் எப்போதும் செய்தி ஓடும். ஜப்பானில் பிள்ளை பிறப்பது குறைந்துவிட்டது, கொரியாவில் பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள், இத்தாலியில் ஊரே காலி என்று ஒருநாள் ஓடியது. ஈரோட்டு பஸ் கண்டக்டர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரு எறங்கற ஸ்டாப்புல ஒருத்தருதான் ஏறறாருன்னு வைங்க. கொஞ்ச தூரம் காத்தோட்டமா இருக்குமுங்க. அப்பறம் டிரைவரும் நானுந்தான்." மக்கள்தொகையைப் பற்றி நான் கேட்டதில் எனக்குப் புரிந்த பேச்சு அது ஒன்றுதான். அந்தப் பஸ் என் பேத்தியின் காதில் வந்து நிற்கும் என்று மட்டும் தெரியவில்லை.

அச்சகக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். "அன்பு மாமன்மார்கள்னு போட்டுர்லாமுங்க. பன்மையில போட்டா எவனும் எண்ணிப் பாக்க மாட்டான்."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் நாமக்கல்லில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். யாராவது ஒருத்தர் மடியைப் பார்த்துவிடலாம் சாமி என்றதும் அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"மடிதான் வேணும்னா நாற்காலி போதுமுங்ப்பா. எனக்கு மடி வேண்டாம். ஊட்டுல ஒரு சண்டைன்னா, போன் போட்டா வந்து நிக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். நீங்க வந்தா, பொண்ணப் பெத்தவரு வந்துட்டாருன்னு அது பெரிய பஞ்சாயத்தாயிரும். அண்ணன் ஒருத்தன் வந்தா, காப்பி குடிக்க வந்தாப்பல இருக்கும்."

அப்படி ஓர் ஆளை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

ஆனால் எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் முகம் தெரியாவிட்டாலும் பங்காளிகள்தான், அண்ணன் தங்கைதான். ஆகவே கூட்டத்தில் எவனும் மாமனாக உட்காரலாம். நான் யோசித்து, ரிக் லாரி ஓட்டி ஓய்ந்த ஒரு பங்காளியைக் கேட்டேன். வயதில் எனக்கு மூத்தவர், வெள்ளை மீசை. முறையில் எனக்கு மகன். கடைக்கு வந்தால் என்னைச் 'சித்தப்பா' என்பார். பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அவர் உடனே சரி என்றார்.

என் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை, கிழவரா என்று வெசனப்படுவாள். அவளும் என்னிடம் சொல்லாமல், வெளிநாட்டில் இருக்கும் தன் தங்கை மகனிடம் பேசியிருக்கிறாள். அவன் தன் தகப்பனாருக்கு ஒரே மகன். லீவு இல்லை, வீடியோவில் வந்துவிடுகிறேன் பெரியம்மா என்றிருக்கிறான். சம்பந்தி என்ன நினைத்தாரோ, பெண் வீட்டார் மாமனுக்குத் திண்டாடுகிறார்கள், கேட்டால் வருத்தப்படுவார்கள் என்று, எங்கள் கூட்டத்திலேயே ராசிபுரத்துப் பையன் ஒருவனைச் சத்தமில்லாமல் ஏற்பாடு செய்துவிட்டார். யாரும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

காதுகுத்து சம்பந்தியின் குலதெய்வக் கோயிலில், சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை அடிவாரத்தில். நான் போய் இறங்கும்போது வெள்ளை மீசைக்காரர் பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு மடியைத் தயாராக வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதன்மேல் புதுத் துண்டு, துண்டின்மேல் செல்போன், செல்போனில் தங்கை மகன். மாமனுக்குச் செய்கிற மரியாதை குறையக் கூடாது என்று என் மனைவி அவனுக்கும் பொட்டு வைத்துவிட்டாள். அது கேமராவின் மேல் விழுந்துவிட்டது. "பெரியம்மா, இங்க எல்லாமே செவப்பாத் தெரியுதுங்க" என்று அவன் கத்திக்கொண்டிருந்தான்.

அப்போது பைக்கில் வந்து இறங்கினான் ராசிபுரத்தான். முப்பதைத் தாண்டிய வயது. வந்ததும் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, பந்தல் போடுகிறவன் மாதிரி இடத்தை அளந்து பார்த்தான். "கொழந்தைய வெயிலுக்கு மொகம் காட்டி ஒக்கார வெக்காதீங்க பெரியப்பா, கண்ணு கூசித் திமிறும். ஆசாரி இந்தப் பக்கம் வரட்டும்." இந்த மாதம் அவனுக்கு ஏகப்பட்ட காதுகுத்தாம். கூட்டத்தில் தோதான வயதில் வேறு ஆள் கிடைப்பதில்லையாம்.

ஊசியும் தோடும் வைத்துக்கொண்டிருந்த ஆசாரி எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "எந்த மடின்னு மொதல்ல முடிவு பண்ணுங்க சாமி. காது ரெண்டுதான் இருக்குது. மாமன் மூணு பேரு இருக்கறீங்க."

சம்பந்தி சமாதானப் பிரியர். "வலது காதுக்குப் பெரியவரு, எடது காதுக்கு இந்தத் தம்பி. மொட்டைக்குச் செல்போனு. யாருக்கும் மனக்கொறை வேண்டாம்" என்றார்.

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் இதை நியாயமென்றே ஏற்றுக்கொண்டார்கள். நாவிதர் மட்டும் செல்போன் மடியில் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது என்று கேட்டார்.

மகள் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. "நிறுத்துங்க," என்றாள். "மூணு பேரும் கேளுங்க. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உங்கள்ல யாரு இருப்பீங்க?"

செல்போனில் இருந்தவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்படியே உறைந்துவிட்டது படம். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

வெள்ளை மீசைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நாளைக்கு நான் இருப்பனான்னு மேல இருக்கறவனத்தான் கேக்கோணும் அம்மிணி."

ராசிபுரத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நாளைக்கு இருக்கட்டுமுங்க, மத்தியானத்துக்கே நான் இங்க இருக்க மாட்டனுங்க. ராசிபுரத்துல இன்னொரு கொழந்த காத்துட்டு இருக்குது."

"சாப்பிடாமயா போவீங்க?" என்று கேட்டாள் மகள்.

"எந்தக் காதுகுத்துலயும் நான் சாப்பிட்டதில்லீங்க," என்றான் அவன், ஒரு தொழில் விவரம் சொல்கிற மாதிரி. "போட்டோவுல எல்லா ஊட்டுலயும் இருப்பனுங்க. பந்தியில இருந்ததில்லை. அடுத்ததுக்கு ஓடோணுமே."

"குத்துன ஊட்டுக்கு அப்பறம் போறதுண்டா?"

"எவனுங்க கூப்புடறான்?"

"உங்களுக்குக் கூடப் பொறந்தவ?"

"ஒத்தைப் பையனுங்க. கல்யாணத்துல தங்கச்சின்னு பக்கத்துல நிக்கறதுக்கு ஆளில்லை. அதுக்குப் பொண்ணே கெடைக்கலை, அது வேற."

மகள் அவன் முன்னால் வந்து நின்றாள். பிறகு பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். "அப்ப உன்ற கல்யாணத்துல நான் நிக்கறேன். இன்னைக்கு நீ பந்தியில ஒக்கார்ந்து சாப்பிட்டுட்டுத்தான் போகோணும். இலை எடுக்கற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

'நீங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் 'நீ' என்றதும் அவன் முகம் இளகிப் போனதை நான் பார்த்தேன். "ராசிபுரத்துக்கு என்ன பதிலுங்க சொல்றது?" என்று என்னைக் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் வெள்ளை மீசைக்காரர் எழுந்துவிட்டார். "அந்தக் கொழந்தையோட தாயும் நம்ம கூட்டந்தானே? எனக்கு என்ன முறை வருது?" விரல் விட்டுக் கணக்குப் போட்டார்கள். அங்கேயும் அண்ணன்தான் வந்தது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "மடி சும்மா போகலை சித்தப்பா!" என்று பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையனின் பைக்கை வாங்கி உதைத்தார். லாரி ஓட்டியவர் பைக்கையும் லாரி மாதிரிதான் ஓட்டினார். வளைவில் அவர் போன பிறகும் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது.

மொட்டையும் காதும் ராசிபுரத்தான் மடியில் நடந்தது. பிள்ளை ஊரைக் கூட்டியது. எத்தனையோ காது பார்த்தவன், இந்தத் தடவை ஆசாரி ஊசியை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். பந்தியில் மகளே அவனுக்குப் பரிமாறினாள். அவன் மெதுவாகச் சாப்பிட்டான். ரசத்துக்கு அப்புறம் மறுபடி சாம்பார் கேட்டான். போட்டோக்காரர் பந்திக்கு வந்தபோது சிரிக்கத் தெரியாமல் விழித்தான்.

எனக்கு மனதுக்குள் ஒரு பயம் இருந்தது. பந்தியில் சொன்ன பேச்சு பந்தியோடு போய்விடுமோ என்று.

அப்புறம் ஒருநாள் மகள் வீட்டில் சண்டை வந்தது. இரண்டாவது பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்லி மாமியார் நச்சரித்திருக்கிறார். இந்தப் பிள்ளை வளர்ந்து, அதற்கு ஒரு பிள்ளை பிறந்தால் காது குத்த மாமன் வேண்டாமா என்பது அவர் வாதம். மருமகனும் தலையாட்டியிருக்கிறார். வேலைக்குப் போகிறவள் இவள், முடியாது என்றிருக்கிறாள், சண்டை முற்றிவிட்டது. எனக்குப் போன் வரவில்லை. ராசிபுரத்துக்குத்தான் போயிருக்கிறது.

சாயங்காலம் மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணன் வந்துட்டுப் போச்சுங்ப்பா."

"என்ன சொன்னான் சாமி?"

"மாமன் வேணும்னு ஒண்ணப் பெத்து வெச்சீங்கன்னா, அப்பறம் அந்த மாமனுக்குப் பொண்ணு தேடோணும், என்னையப் பாருங்கன்னு அத்தைகிட்டச் சொல்லுச்சு. அத்தைக்குச் சிரிப்பு வந்துருச்சு. இன்னைக்கு அத்தோட முடிஞ்சுது."

"அப்பறம் என்ன, நல்லாத்தானே சொல்லியிருக்கறான்?"

"என்ன நல்லா? இருந்த தோசை மாவு பூராத் தின்னுட்டு, சட்னியில உப்புப் பத்தலைன்னு எங்க ஊட்டுக்காரரோட சேந்துக்கிட்டு என்னையப் பாத்துச் சிரிக்குதுங்ப்பா. ஞாயித்துக்கெழமை மறுபடி வாரனாம். வரட்டும், இருக்குது அதுக்கு!"