இரண்டு பதிப்புக்கும் நடுவில் என் தம்பி

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஏதாவது கதை பேசிக்கொண்டேதான் வேலை பார்ப்பான். ஒரு தடவை ஊரையே கூட்டிக் கத்திய ஒரு வக்கீலம்மா, கதவு திறந்த பிறகும் கதையின் முடிவைக் கேட்க நின்றாராம். யார் மனமும் நோகக் கூடாது அவனுக்கு. நான் நேர் எதிர். எனக்கு வாயும் நீளம், கோபமும் மூக்கு நுனியில்.

பதினாறு வருடமாக ஞாயிறு மதியம் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு விளையாட்டு நடந்தது. தம்பி கதை சொல்வான். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதவைத் திறக்கிறேன், ஓடுகிறேன் என்று சொல்வோம். பிழைத்தோமா மாட்டினோமா என்பதைப் பகடை சொல்லும். பாத்திரத்தின் பலம், பலவீனம் எல்லாம் ஒரு தாளில் இருக்கும். பாத்திரம் செத்தால் தாளுக்குச் சொந்தக்காரரே அதைக் கிழிக்க வேண்டும், மற்றவர்கள் எழுந்து நிற்க வேண்டும். கிழித்தால் கிழித்ததுதான். இது விதிப் புத்தகத்தில் இல்லை, எங்கள் மேஜையின் சட்டம். பஸ் டிரைவர் ஒருவர் வருவார், இதுவரை ஏழு தாள் கிழித்தவர். எதிரியைக் கண்டால் நிற்கவே மாட்டார் என்பதால் அவருக்கு ‘பிரேக்கு’ என்று பேர் வைத்தோம். ஒரு நர்ஸ் வருவாள், அவள் ‘ஊசி’. அப்புறம் நான், என் வீட்டுக்காரர்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த என் வீட்டுக்காரர், எழுந்திருக்கவில்லை. மூன்றாவது வாரம், வீட்டில் இருக்க முடியாமல் தம்பி வீட்டுக்குப் போனேன். மேஜையில் அவருடைய தாள் இருந்தது. அவர் பாத்திரம் ஒரு வழிகாட்டி. இருட்டுக் குகை ஒன்று வந்தது. யார் முன்னால் போவது என்று எல்லோரும் முழித்தோம். தம்பி அவரைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் முதல்ல போறேன், நீங்க மெதுவா வாங்க” என்றான். அச்சு அசல் அவர் குரல். அவனை அறைந்திருக்க வேண்டும், இல்லை கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். நான் டீயைக் குடித்தேன். அதற்குப் பிறகு அவருக்குப் பகடையை முறை வைத்து உருட்டினோம்; குரல் மட்டும் தம்பி. ஒளிப்பானேன், அந்தக் குரலைக் கேட்கத்தான் நான் ஒவ்வொரு ஞாயிறும் போனேன்.

போன வருடம் அந்த விளையாட்டின் விதிப் புத்தகத்துக்குப் புதுப் பதிப்பு வந்தது. பிடித்தது சனி. புது விதிகள் சுலபம், பாத்திரம் அவ்வளவு சீக்கிரம் சாகாது, செத்தாலும் திரும்பி வர வழி உண்டு.

“இதுக்கு மாறிடலாம்” என்றாள் ஊசி. “வாரம் பூரா வார்டுல சாவைப் பாத்துட்டு வரேன். ஞாயித்துக்கிழமையாவது யாரும் சாகாம இருக்கட்டுமே.”

“உயிர் பயம் இல்லன்னா அது விளையாட்டா, தாலாட்டா?” என்றார் பிரேக்கு.

நான் பிரேக்கு பக்கம். பழைய விதியில் இருந்த ஆள் என் வீட்டுக்காரர். அதில் ஒரு வரி மாறக் கூடாது எனக்கு. மூன்று வாரம் பகடையே உருளவில்லை, வாய்தான் உருண்டது. ஒரு வாரம் ஊசி வரவில்லை. அடுத்த வாரம் பிரேக்கு வரவில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத என் தம்பிக்கு இருந்த குடும்பமே அந்த மேஜைதான். விடுவானா? இரண்டு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு நோட்டு முழுக்கப் புது விதி எழுதினான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஊசிக்கு அது கஷ்டமாக இருந்தது, பிரேக்குக்குச் சப்பென்று இருந்தது. ஆனாலும் அவன் முகத்துக்காக எல்லோரும் உட்கார்ந்தோம்.

புதுத் தாள்களைக் கொடுத்தான். அதில் ‘ஆசை’ என்று ஒரு கட்டம். வழிகாட்டியின் தாளில் அவனே நிரப்பியிருந்தான்: வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “வீட்டுக்குத் திரும்பணுமா? யார் வீட்டுக்குடா? என் புருஷனுக்கு ஆசை எழுத நீ யாருடா?”

“அக்கா, அந்தக் கட்டம் காலியா இருந்தா புது விதிப்படி ஆள் நகரவே முடியாதுக்கா. அதான்...”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த மட்டும் இல்லை. தாளை எடுத்து இரண்டாக, நான்காகக் கிழித்துப் போட்டேன்.

பிரேக்கு மெல்ல நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்றார். ஊசியும் எழுந்தாள். அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரிந்தது.

“அக்கா, புதுப் புத்தகத்துல திரும்பி வர்றதுக்கு விதி இருக்குக்கா” என்றாள் ஊசி, அழாத குறையாக. “உங்க விதி எனக்கு வேண்டாம்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீம்பு, வேறென்ன?

அந்த வீம்பு இரண்டு ஞாயிறு தாங்கியது. மூன்றாவது வாரம் அவன் வேலை செய்கிற இடத்துக்கே போனேன். ஒரு எட்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. லிஃப்ட் மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு இருந்தான்.

“புது விதியே இருக்கட்டும்டா. அவரைத் திரும்பக் கொண்டு வா” என்றேன். அந்த வார்த்தைகளைச் சொல்ல எனக்கு எவ்வளவு கூசியது என்று எனக்குத்தான் தெரியும்.

வாழ்நாளில் யாருக்கும் இல்லை என்று சொல்லாதவன் தலையை ஆட்டினான். “முடியாதுக்கா.”

“ஏன்டா? நீ எழுதினா ஆச்சு. ஒரு வரிதானே?”

“ஊசிக்கு யாரும் சாகக் கூடாது, பிரேக்குக்குச் சாவு வேணும், உனக்கு மாமா வேணும். எல்லாத்தையும் ஒரே நோட்டுல எழுதிடலாம்னு பாத்தேன். எந்தப் பதிப்புலயும் அதுக்கு இடம் இல்லக்கா.” கையைத் துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். “மாமா செத்துட்டாருக்கா.”

நான்கு வருடத்தில் அந்த வார்த்தையை அவன் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, விட்டு விட்டு அழுதான். அவர் போன அன்றைக்கு அழாதவன், காரியத்துக்கு ஓடியாடி நாற்காலி போட்டவன். கல் நெஞ்சுக்காரன் என்று அன்றைக்கு நான் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அதற்கப்புறமும் இவன் எப்படி அழுவான்? ஒவ்வொரு வாரமும் எனக்காக அவர் குரலில் பேச வேண்டியிருந்ததே.